சனிக்கிழமை போன் எடுக்காத கதை

மக்ளே,

சனிக்கிழமை நீ ஐந்து தடவை கூப்பிட்டிருப்பதை ராத்திரி வீட்டுப் பக்கம் வந்தபிறகுதான் பார்த்தேன். கோபப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. நானும் அம்மாவும் ஆக்லாந்துக்கு மேற்கே வாட்டிபு கடற்கரைக்குப் போயிருந்தோம், அங்கே போனில் ஒரு கோடுகூட வரவில்லை. ஆமாம், அதே வாட்டிபுதான். பதினாறு வயதில் சிநேகிதிகளோடு போகிறேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்று, நான் முடியவே முடியாது என்று சொன்ன இடம்.

அப்போது எனக்குப் பாதையை நினைத்துத்தான் முதல் பயம். அது இன்னும் மாறவில்லை. ஹூயா ஊரைத் தாண்டினால் தார் போய் சரளைக்கல் வந்துவிடும், வளைவில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்கணும். இரண்டு தடவையும் நான்தான் எடுத்தேன், அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

காரை நிறுத்தினால் கடலே தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். ஒரு காலத்தில் பாறை அடிவாரம்வரை அலை அடித்ததாம். போன நூற்றாண்டில் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் எங்கோ தள்ளிப் போய்விட, அலை குடைந்த குகைகள் இப்போது புல்லுக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கவுரி மரம் வெட்டிய காலத்தில் பெரிய குகைக்குள் பலகைத் தளம் போட்டு நடனமெல்லாம் ஆடியிருக்கிறார்கள். அந்தத் தளம் மணலுக்கடியில் கிடக்கிறது.

அம்மா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கிவிப் பறவைக் காந்தத்தை (நீ ரோட்டோருவாவில் வாங்கியது) பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், சொல்லவே இல்லை. மணலில் வைத்து எடுத்தால் பறவைக்குக் கறுப்பாகத் தாடி! டாரனாக்கி எரிமலைப் பக்கத்திலிருந்து கடல் இழுத்து வந்த இரும்பு மணல். மணவாளக்குறிச்சிக்காரிக்குக் கருமணல் என்ன அதிசயம் என்று கேலி செய்துவிட்டு, நான் வீறாப்பாகச் செருப்பைக் கழற்றினேன். இருபது அடிகூடத் தாண்டவில்லை, சுட்ட சூட்டில் குதித்துக்கொண்டே ஈர மணலுக்கு ஓடினேன். அம்மா சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும்.

அங்கே நின்று பார்த்தால் மனுக்காவ் துறைமுக வாய். வெயில், மேகமே இல்லை, ஆனாலும் நடுக்கடலில் காரணமே இல்லாத மாதிரி வெள்ளை வெள்ளையாக அலை உடைகிறது. அதுதான் மணல்திட்டு. 1863 பிப்ரவரி 7 அன்று ஆர்ஃபியஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதில்தான் ஏறியது. திட்டு இடம் மாறியிருந்தது, அவர்கள் நம்பியது பழைய வரைபடத்தை. கப்பலில் இருந்த 259 பேரில் 189 பேர் போய்விட்டார்கள்.

அதைப் பார்த்தபோது, நான் பயந்தது தப்பில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் தண்ணீரில் இறங்காதே என்று சொல்லியிருந்தால் போதும், போகவே கூடாது என்றுவிட்டேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

சரி, புளிச்சோற்றில் பாதி மணல், மீதியைத்தான் சாப்பிட்டோம். டிசம்பரில் நீ வரும்போது மறுபடி போகலாம். வண்டி நீ ஓட்டு. பின்னால் எடுக்க வேண்டி வந்தால் நான் இறங்கி நின்று சொல்கிறேன்.

அப்பா