பி.ஒய். என்றால் பராகுவே: முகவரியில் மாநிலத்தை முழுதாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி வண்டியின் நம்பர் பிளேட்டில் பி.ஒய். என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதையே வெளிநாட்டுப் பார்சல் படிவத்தில் நாட்டுக் குறியாகப் போட்டால் அது பராகுவே. கடலூர்க்காரர்கள் எழுதும் டி.என். இன்னும் சிக்கலானது. நமக்கு அது தமிழ்நாடு, அமெரிக்கத் தபால் துறைக்கு டென்னசி, சர்வதேச நாட்டுப் பட்டியலில் துனிசியா. முகவரியின் கடைசியில் இந்தியா என்பதற்காகப் போடும் ஐ.என்.கூட அமெரிக்காவில் இந்தியானா மாநிலம்தான்.

இதில் யாருடைய பட்டியலும் தப்பில்லை. ஒரு பட்டியலின் எழுத்தை இன்னொரு பட்டியலுக்கான கட்டத்தில் போடுகிறோம், தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் 676 ஜோடிதான் கிடைக்கும். அவற்றில் 249-ஐ, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 3166 என்ற பட்டியல் நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் கொடுத்துவிட்டது. 1974-ல் வந்த அந்தப் பட்டியலுக்கு முன்பே, 1963-ல், அமெரிக்கத் தபால் துறை தன் மாநிலங்களுக்கு இரண்டெழுத்து வைத்துக்கொண்டது. நம் ஊர் எழுத்துகளோ வண்டிப் பதிவுக்காக வந்தவை. முகவரிக்கென்று அவற்றை யாரும் வகுக்கவில்லை. இந்தியத் தபாலுக்கு 1972 முதல் பின்கோடு இருக்கிறது, மாநிலத்துக்கு இரண்டெழுத்து எழுதச் சொல்லி அது கேட்பதே இல்லை. ஐ.எஸ்.ஓ. பட்டியலின் இரண்டாம் பாகத்தில் நம் மாநிலங்களும் உண்டு. ஆனால் அங்கே ஐ.என்.-டி.என்., ஐ.என்.-பி.ஒய். என்று நாட்டின் எழுத்து முன்னால் நிற்கும். நாம் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் எழுதுகிறோம்.

மோதலைத் தவிர்க்க எழுத்தையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா முதலில் என்.பி. என்று இருந்தது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கும் என்.பி. என்பதால் 1969-ல் என்.இ. ஆனது. நம்மிடம் மோதல்களுக்குக் குறைவில்லை. கோவாவின் ஜி.ஏ. அமெரிக்காவில் ஜார்ஜியா, நாடுகளில் காபோன். சண்டிகரின் சி.எச். சுவிட்சர்லாந்து. அருணாசலப் பிரதேசத்தின் ஏ.ஆர். அர்ஜென்டினா, லடாக்கின் எல்.ஏ. லாவோஸ்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் உள்ள பிள்ளைகள் ஊருக்குப் பொருள் அனுப்பும்போது நடப்பதைப் பாருங்கள். பல இணையப் படிவங்களில் நாடு என்ற கட்டம் முன்கூட்டியே அமெரிக்கா என்று நிற்கும். அதைக் கவனிக்காமல் கடலூர், டி.என்., 607001 என்று அடித்தால், டி.என். டென்னசியாக ஏறிவிடும். அடுத்து அஞ்சல் எண்ணில் முட்டும், ஏனென்றால் அங்கே ஐந்து இலக்கம், இங்கே ஆறு. படிவம் சிவப்பு காட்டுகிறதே என்று கடைசி இலக்கத்தைக் கழற்றிவிடுவோர் உண்டு. 607001 இப்படித்தான் 60700 ஆகிறது. 605, 607 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்கள் அங்கே இல்லினாய் மாநிலத்தின் வரிசை. ஒரே முகவரியில் ஊர் இந்தியாவிலும், மாநிலம் டென்னசியிலும், எண் இல்லினாயிலும் நின்றால் பார்சல் எங்கே போகும்?

இதைத் தவிர்க்கக் கட்டங்களை நிரப்பும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் நாடு. அதை இந்தியா என்று மாற்றியதும் மாநிலப் பட்டியல் தானாக மாறும், அஞ்சல் எண் கட்டமும் ஆறு இலக்கத்தை ஏற்கும். பிறகு மாநிலம், அதன்பின் பின்கோடு, கடைசியில் ஊரும் தெருவும். மாநிலப் பட்டியலில் புதுச்சேரி இல்லாவிட்டால் பாண்டிச்சேரி என்று தேடுங்கள். பெயர் மாறியது 2006 அக்டோபரில்தான், வெளிநாட்டு மென்பொருள்கள் சில இன்னும் பழைய பெயரிலேயே நிற்கின்றன. இரண்டும் இல்லையென்றால் பட்டியலில் கைக்குக் கிடைத்த எழுத்தைத் தட்டாமல், ஊர்ப் பெயர்க் கட்டத்திலேயே காற்புள்ளி போட்டு முழுப் பெயரையும் எழுதிவிடலாம். பி.டி.ஒய்., பி.என்.ஒய். என்று எழுதுவதும் உதவாது. முன்னது ரயில் நிலையத்தின் குறி, பின்னது விமான நிலையத்தின் குறி. (விமானத் துறையில் பி.ஒய். என்றால் சூரினாம் நாட்டு விமான நிறுவனம், அது வேறு கதை.)

இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில், சுருக்காமல் எழுத வேண்டும். உலகத் தபால் ஒன்றியம் சொல்வதும் அதுதான். சான் ஹோசே, சி.ஏ. என்று விட்டுவிட்டால் சி.ஏ. கலிபோர்னியாவா கனடாவா என்ற கேள்வி வரும். எழுத்தைத் தோராயமாக ஊகிப்பதும் ஆபத்து. சீனாவுக்கு சி.எச். போட்டால் சுவிட்சர்லாந்து, சீனா சி.என். ஜெர்மனிக்கு ஜி.இ. போட்டால் ஜார்ஜியா நாடு, ஜெர்மனி டி.இ. ஆஸ்திரியாவுக்கு ஏ.யு. போட்டால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா ஏ.டி. மலேசியா எம்.ஒய்., எம்.ஏ. மொராக்கோ. மொரீஷியஸ் எம்.யு., எம்.ஆர். மொரிட்டேனியா. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு உறவுகள் உள்ள ரீயூனியன் தீவு பிரான்சின் பகுதிதான் என்றாலும் இந்தப் பட்டியலில் ஆர்.இ. என்று தனியாக நிற்கும். அங்குள்ள வங்கிக் கணக்கு எண் மட்டும் பிரான்சைப் போல எப்.ஆர். என்றே தொடங்கும்.

வங்கி விஷயத்தில் எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பணத்தைக் காப்பாற்றும். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விப்ட் கோடு எட்டு அல்லது பதினொரு எழுத்து. முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதற்கடுத்த இரண்டு இடம், மூன்று கூடுதலாக இருந்தால் கிளை. ஆக இந்திய வங்கியின் ஸ்விப்ட் கோடு எதுவானாலும் ஐந்தாம், ஆறாம் எழுத்துகள் ஐ.என். என்றே இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் பணத்தை அனுப்புமுன் நிறுத்துங்கள். பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குவோரிடம் ஐபான் எனும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் கேட்கும் படிவங்கள் வருகின்றன. இந்தியாவில் ஐபான் நடைமுறை இல்லை. ஐபான் நாட்டின் இரண்டெழுத்தில் தொடங்கும் என்று கேள்விப்பட்டு, சிலர் தம் கணக்கு எண்ணுக்கு முன்னால் ஐ.என். சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி ஓர் எண்ணே கிடையாது, சோதனை எண் பொருந்தாமல் படிவம் திரும்பிவிடும். கணக்கு எண்ணை உள்ளபடி எழுதி, ஸ்விப்ட் கோடைக் கொடுக்க வேண்டும். கிளைக்குத் தனிக் கோடு இல்லையென்றால் எந்தக் கோடைத் தருவது என்று கிளையில் கேட்டுக்கொள்ளலாம். பிரான்சின் ஐபான் எப்.ஆர். எழுத்துகளோடு சேர்த்து 27, ஜெர்மனியுடையது 22. பிரிட்டனுடையது ஜி.பி. என்று தொடங்கும், யு.கே. என்று அல்ல. நம் சாலையில் யு.கே. என்ற பலகை தெரிந்தால் அது உத்தராகண்ட் வண்டி.

இனி உள்ளூர் வியாபாரிகளுக்கு. மேலே சொன்னவற்றில் பார்சல் தாமதமாகும், பணம் திரும்பி வரும். இங்கே அபராதமே விழும்.

ஜி.எஸ்.டி.யில் எழுத்து கிடையாது, எண்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாநில எண்ணே இங்கும்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இடம் அது, அடுத்த பத்து பான் எண். வாங்குபவர் பதிவு பெற்றவராக இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவர் என்று தெரிந்துவிடும். ஆனால் பில் போடும் பையன்கள் பின்கோடைப் பார்த்து மாநிலத்தை முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டு ஊர்களில் அதைப்போல் தவறான வழி வேறில்லை. புதுச்சேரி நகரம் 605001. அதே 605-ல்தான் விழுப்புரம் 605602, கோட்டக்குப்பம் 605104, ஆரோவில் 605101 எல்லாம் வருகின்றன. மூன்றும் தமிழ்நாட்டு அஞ்சலகங்கள். மறுபக்கம், பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதன் எண்ணோ 607402, கடலூர் வரிசை. மாஹே 673310 கேரள வரிசையிலும், ஏனாம் 533464 ஆந்திர வரிசையிலும் போய் நிற்கின்றன. பின்கோடு தபால் பிரிக்கும் வசதிக்காக வந்தது, மாநில எல்லைக்காக அல்ல.

விளைவு எப்படி என்றால்: புதுச்சேரிக் கடை ஒன்று கோட்டக்குப்பத்தில் உள்ள கடைக்கு 10,000 ரூபாய்ச் சரக்கை, 18 சதவீத வரியில் அனுப்புகிறது. 605-ஐப் பார்த்து உள்ளூர் என்று நினைத்தால் பில்லில் மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி. 900, மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. 900. உண்மையில் அது மாநிலம் விட்டு மாநிலம், ஐ.ஜி.எஸ்.டி. 1,800. மொத்தம் ஒன்றே என்பதால் அன்று யாருக்கும் தெரியாது. பிறகு தெரிந்தால் சரியான தலைப்பில் 1,800-ஐ மறுபடி கட்ட வேண்டும். தவறாகக் கட்டியதை சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 77-ஆம் பிரிவில் திருப்பிக் கேட்கலாம். சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கேட்க மாட்டார்கள், ஆனால் பணம் அதுவரை முடங்கும்.

இதைவிடப் பெரிய பொறி எதிர்த்திசையில் இருக்கிறது. சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டுதான் இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் அதற்கு வரம்பு ஒரு லட்சம் ரூபாய். மாநிலம் தாண்டினால் 50,000. பாகூரின் 607-ஐப் பார்த்துத் தமிழ்நாடுதானே என்று கடலூரிலிருந்து 80,000 ரூபாய்ச் சரக்கை இ-வே பில் இல்லாமல் ஏற்றினால், முள்ளோடை எல்லையில் வண்டி நிற்கும். அதே சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி, உரிமையாளரே முன்வந்து கட்டினாலும் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். 18 சதவீதச் சரக்கென்றால் வரி 14,400, அபராதம் 28,800. இ-வே பில் போட்டு மாநிலத்தைத் தவறாகத் தேர்ந்திருந்தால் அதைத் திருத்த வழியில்லை. வண்டி எண்ணை மாற்றலாம், முகவரியை மாற்ற முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

சில்லறை வாடிக்கையாளர் விஷயமும் 2023 அக்டோபர் முதல் மாறிவிட்டது. பதிவு பெறாதவருக்குப் பொருள் விற்றால், பில்லில் எழுதிய முகவரிதான் வரி எந்த மாநிலத்துக்கு என்பதைத் தீர்மானிக்கும். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தாலும் முகவரி எழுதியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலம். எனவே பில் மென்பொருளில் வாடிக்கையாளரின் மாநிலம் என்ற கட்டத்தில் கை போகிற போக்கில் எதையாவது தட்டிவிடக் கூடாது. தொகை எத்தனை சிறிதானாலும் அந்த ஒரு சொல் வரியை மாற்றும்.

வண்டிப் பலகைகளைப் பற்றி இரண்டு தகவல். 2021 முதல் வரும் பி.எச். என்பது பாரத் வரிசை, பீகார் அல்ல. பீகார் பி.ஆர். பி.எச். பலகையில் முதலில் வரும் இரண்டு இலக்கம் பதிவான ஆண்டு. தெலங்கானா 2014 முதல் டி.எஸ்., 2024 மார்ச் முதல் டி.ஜி., இரண்டு வகையும் சாலையில் ஓடுகின்றன.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். சிறு விளம்பரத்தில் அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் பணம் என்பதால் சுருக்குகிறார்கள், அது புரிகிறது. ஆனால் வெளிநாட்டு வேலை விளம்பரத்தில் எஸ்.ஏ. என்றால் ஐ.எஸ்.ஓ. பட்டியலில் சவூதி அரேபியா, ஆங்கிலச் சுருக்கத்தில் தென்னாப்பிரிக்கா. பின்னதன் உண்மையான குறி இசட்.ஏ. வளைகுடாவில் சவூதிக்குப் பழகிய கே.எஸ்.ஏ. எந்த நாட்டின் பாஸ்போர்ட்டிலும் வராது, அங்கே எஸ்.ஏ.யு. என்றுதான் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு யு.ஏ.இ. என்று நாம் எழுதினாலும் பாஸ்போர்ட்டில் ஏ.ஆர்.இ. வேலை தேடும் பிள்ளைகள் ஆவணத்தில் வேறு எழுத்தைக் கண்டதும் ஏஜென்ட் ஏமாற்றுகிறாரா, அச்சுப் பிழையா என்று குழம்புகிறார்கள். விளம்பரம் வாங்கும் கவுண்டரிலேயே நாட்டின் பெயரைத் தமிழில் முழுதாகக் கேட்டு வாங்கினால் நல்லது. அதற்காகக் கூடும் ஒரு சொல்லுக்குக் கட்டணம் விதிக்காமல் விட முடியுமா என்பதையும் நிர்வாகம் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
பார்சல் பதிவு, ஜி.எஸ்.டி. கணக்குப் பணியில் உள்ளோர்,
மஞ்சக்குப்பம், கடலூர், தமிழ்நாடு.