ஆறு மணி நேரமா, எட்டு மணி நேரமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பேத்தியைப் பார்க்கப் போகிறாய் என்பது அதைவிட நல்ல செய்தி. ஆனால் கடிதத்தில் பாதி கணக்காகவே இருந்ததே! ஓய்வு பெற்றும் உன் கணக்கர் புத்தி போகவில்லை.

கணக்கில் பிழையில்லை. ஹீத்ரோவிலிருந்து கென்னடி விமான நிலையம் சுமார் 5,550 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் ஆறேகால் மணிகூட ஆகாது. டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறான், எதற்கு என்கிறாய்.

அந்த 900 காற்றுக்குள் போகும் வேகம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று, ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். நீ போவது அதற்கு எதிரே. போன குளிர்காலத்தில் நான் அதே வழியில் போய்வந்தேன். முன்சீட்டுத் திரையில் படம் எதுவும் போடாமல் தரை வேகத்தையே, அதாவது தரையை வைத்துப் பார்த்தால் எவ்வளவு வேகம் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன் (பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ). போகும்போது 760ஐத் தாண்டவில்லை, திரும்பும்போது 1,060. இரண்டும் ஒரே ரக விமானம்தான். 2020 பிப்ரவரியில் புயல்காற்று தள்ளிவிட்டதில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு ஜம்போ விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்துவிட்டது.

இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும்வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. அந்தப் பயணத்தில் எங்களுக்கு முன்னால் பதினோரு விமானங்கள் நிற்பதாகக் கேப்டன் சொன்னார். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், எல்லோரும் முனகினோம். கடைசியில் பார்த்தால் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கேட்டில் நின்றோம்! இதற்கென்று முன்பே கொஞ்சம் கூட்டித்தான் போடுகிறார்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். அந்த 5,550 பூமி உருண்டையின்மேல் நூல் பிடித்து அளந்தது. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் வராது. விமானமும் எப்போதும் அந்த நூலிலேயே போவதில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பதரை மணியாக இருந்தது பதின்மூன்று மணியாகிவிட்டது. இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் அதேதான்.

அப்புறம், மதியம் பன்னிரண்டுக்கு ஏறி மூன்று மணிக்கு இறங்குகிறாய் என்று டிக்கெட்டைப் பார்த்து வீட்டில் "மூணு மணி நேரம்தான்" என்று சொல்லிவிடாதே. அங்கே கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால். முழங்காலுக்காக நடைபாதை ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்கு. இறங்கியதும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுது, எப்படியும் நீ குறித்துதான் வைத்திருப்பாய்.

அன்புடன்,
ரவி