கவட்டையும் கல்லும்

அன்புள்ள முருகேசா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விண்வெளி மேகத்தில் ஒரு மூலக்கூறு ஏன் அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோகிறது என்று போட்டுக்கொண்டிருந்த என் கணக்கு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒத்துவந்துவிட்டதுடா! ஃபார்மால்டிஹைடு. ஆமாம், உன் தவளை ஜாடிச் சரக்கேதான்.

1969-ல் ஸ்னைடர், புஹ்ல், சக்கர்மன், பால்மர் நால்வரும் அமெரிக்காவின் கிரீன் பாங்க் 140 அடி ரேடியோ தொலைநோக்கியில் அதை விண்வெளியில் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் கரும் மேகங்களிலும் பார்த்தார்கள். மேகத்துக்குப் பின்னால் ரேடியோ அலை அனுப்பும் மூலம் எதுவும் இல்லை, ஆனாலும் ஃபார்மால்டிஹைடின் 6 செ.மீ. அலைக் கோடு உட்கவர் கோடாகவே, அதாவது அலையை விழுங்கிய தடமாகவே தெரிந்தது. அப்படியென்றால் வானம் முழுக்கப் பரவியிருக்கும் 2.7 கெல்வின் நுண்ணலையையே அது விழுங்குகிறது. மேகத்தின் வாயுவோ 10 கெல்வின். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டையும்விடக் குளிர்ந்துபோவது எப்படி?

அந்த வருஷமே டவுன்ஸும் சியூங்கும் வழி சொன்னார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு வந்து இடிப்பதுதான் காரணம். நம் மாந்தோப்புக் கவட்டையை நினைத்துக்கொள். கைப்பிடி ஆக்சிஜன், கவை பிரியும் இடம் கார்பன், இரண்டு நுனியிலும் ஹைட்ரஜன். தரையில் கிடக்கும் கவட்டையின் நுனியில் பக்கவாட்டில் கல் பட்டால் படுத்தபடியே சுழலும், இல்லையா? இடிகள் அந்தச் சுழற்சியைத்தான் அதிகம் கிளப்புகின்றன. இந்த மூலக்கூறின் ஆற்றல் மட்டங்கள் ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் கீழ்மட்டம் அந்தச் சுழற்சிதான். இடிபட்டு மேலே போனதும் 2 மி.மீ. அலையை உமிழ்ந்து இறங்கும்போது கீழ் ஜோடியின் கீழ்மட்டத்துக்கே வருகிறது. 6 செ.மீ. கோடு அந்த ஜோடிக்குள் நடக்கும் தாவல்தான், அதனால் கீழே கூட்டம் சேரச் சேர, கோடு குளிர்கிறது. கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் ஹைட்ரஜன் இருந்தாலும் ஒரு மூலக்கூறுக்கு ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு இடிதான் கிடைக்கும். அதுவே போதுமாக இருக்கிறது, யோசித்துப் பார்!

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. பல காலம் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தை வைத்தே கணக்குப் போட்டார்கள், உருண்டை என்பதால் சுலபம். ஹைட்ரஜனில் இரண்டு வகை உண்டு. குளிரில் பாரா சுழலாமல் கிடக்கும், ஆர்த்தோ சுழன்றுகொண்டே இருக்கும். அது இடிக்கிற விதமே வேறு. மேகத்தில் எது எவ்வளவு என்று நேராகப் பார்க்கவும் முடியாது, அந்தக் குளிரில் ஹைட்ரஜனிடமிருந்து ஒரு கோடும் வராது. செவ்வாய்க்கிழமைக் கணக்கில் பாரா மட்டுமே இருந்தது. இப்போது ஆர்த்தோவைச் சேர்த்து மறுபடி ஓட்டுகிறேன். கோடு 2.7-க்குக் கீழேயே நிற்குமா என்ற நினைப்பில் தூக்கமே வரவில்லை.

ஞாயிறு காலை தெரிந்துவிடும், போன் பண்ணுகிறேன். அதுவரை மூக்கையாவிடம் சொல்லிவிடாதே.

உன்,
சேது