பெர்க் மலைக்குத் தனியாகப் போகாதே

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றினார்கள். மீலி என்கிற மக்காச்சோள மாவுதான், இந்த வருடம் கொஞ்சம் புளிப்பு ஏறிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் வருவீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். சரி, அது போகட்டும்.

தமிழில் எழுதியிருக்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய். உன் தங்கைக்கு இது தெரியாது, அதுவும் ஒரு வசதிதான். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நீ மலை மேலே எடுத்த படத்தை உன் தங்கைதான் காட்டினாள். டிராகன்ஸ்பெர்க் மலையில் அந்த ஆம்ஃபிதியேட்டர் பாறை மேலே நீ நிற்கிறாய், தாடியில் பனித்துகள் ஒட்டியிருக்கிறது. பின்னால் எல்லாம் ஒரே வெள்ளை. தரை எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். உனக்குப் பின்னால் பனியில் ஒரே ஆளின் கால்தடம். படமும் கையை நீட்டி நீயே எடுத்தது. யார் கூடப் போனாய்?

பெருமையாக இல்லை என்று சொன்னால் பொய். இந்தத் தென்னாப்பிரிக்காவில் எங்கள் காலத்தில், நிறவெறி ஆட்சியில், அந்த மலையடி ஹோட்டல்களில் நம்மவர்களுக்கு இடம் கிடையாது. விடுதலைக்கு அப்புறம்தான் ராயல் நேட்டல் பூங்காவில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். உன் அப்பா கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எவன் ஏறுவான்" என்றார். நீ ஏறியிருக்கிறாய். அவர் இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அப்புறம் வீட்டுக்குள் வந்து என்னைத்தான் திட்டியிருப்பார்.

அது என்ன இடம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிற பாறை. துகேலா அருவி அங்கிருந்துதான் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. வெயில் காலத்தில் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். பனியும் மூட்டமும் சேர்ந்துவிட்டால் அது ஒரு எட்டு முன்னால் இருக்கிறதா, நூறு எட்டு தள்ளி இருக்கிறதா என்று எவனுக்குத் தெரியும்? ஏறும்போது சுலபமாகக் கிடைத்த சங்கிலி ஏணி, திரும்பும்போது அந்த வெள்ளையில் எங்கே என்று தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தாலும் ஐஸ் பிடித்த இரும்புக் கம்பி. ஜூலை இங்கே குளிர்காலம், ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது போய்விடுகிறது.

இன்னொன்று. நீ போட்டிருந்தது ஜீன்ஸ். முழங்கால் வரை நனைந்து கறுத்திருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சமாவது காக்கும். ஆஸ்பத்திரி வார்டில் காலம் தள்ளியவள் சொல்கிறேன், குளிரில் நடுங்குகிறவனைப் பற்றி நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். நடுக்கம் நின்ற பிறகுதான் பயம். பேச்சு குழறும், கால் தடுக்கும், பட்டன் போட விரல் வராது. ஆனால் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பான். அவனுக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால்?

அதனால்தான் கேட்கிறேன், யார் கூடப் போனாய்?

போகாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்கிற வயதா உனக்கு? ஆனால் தனியாகப் போகாதே. கேப் டவுன் பக்கம் குளிர்மழை என்று செய்தியில் சொன்னால், ஒன்றிரண்டு நாளில் அது பெர்க்குக்கு வந்துவிடும், அந்த வாரம் வேண்டாம். ஏறுவதற்கு முன் மலையேறுகிறவர்களுக்கான ரெஜிஸ்டரில் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுது, எனக்கும் ஒரு மெசேஜ் போடு. மூட்டம் இறங்குவது தெரிந்ததுமே திரும்பிவிடு, உச்சி எங்கேயும் ஓடிப்போகாது. வழி தெரியாவிட்டால் கண்ட பள்ளத்தில் இறங்காமல் காற்று படாத பாறையோரம் உட்கார்ந்து அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடு. போனைச் சட்டைக்குள்ளே வை, குளிரில் பேட்டரி செத்துவிடும். முக்கியமாக, தனியாகப் போகாதே.

2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் கணவாயில் ரோட்டை மூடினார்களே, சித்தப்பா லாரிக்குள்ளேயே ராத்திரி முழுக்கக் கிடந்தார். பக்கத்து லாரிக்காரன் கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்தானாம், அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது ரோடு, முன்னும் பின்னும் ஆட்கள். நீ இருந்த இடத்தில் யார் இருந்தார்கள்?

மருமகளுக்கும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாள். போன தடவை நீ மட்டும் வந்தபோதும் அவளுக்கு வேலை என்றுதான் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஜோபர்க் ஊரில் எல்லோருக்கும் வேலைதான். சாப்பிடுகிறாயா? படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. குளிர் என்று தங்கை சொல்கிறாள். குளிரில் கன்னம் சிவக்கும், ஒட்டுமா?

தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த விஷயம் அவளே சொல்லியிருப்பாள். கூரை ஒழுகல் அடைத்தாயிற்று.

அடுத்த வாரம் சித்தப்பா லாரி அங்கே வருகிறது. உனக்கு மாங்காய் ஊறுகாய் கட்டி வைத்துவிட்டேன், உன் அப்பாவின் கம்பளி ஜெர்ஸியும் இருக்கிறது. மருமகளுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயும் ஒரு பாட்டில் தயாராக இருக்கிறது. அதையும் சேர்த்து அனுப்பட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது, போதும்.

அன்புடன்,
அம்மா