சிகாகோ நகர மன்றத்துக்கு ஒரு மடல்: கிளார்க் தெருவில் ஒரு பலகை வையுங்கள்

சிகாகோ நகர மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நார்த் கிளார்க் தெருவில் 2122ஆம் எண்ணைத் தேடி வருகிறவர்களுக்கெல்லாம் என்ன நடக்குமோ அதுதான் எனக்கும் நடந்தது. அந்த எண்ணே இல்லை. ஒரு வேலி, அதற்குப் பின்னால் புல்தரை, சில மரங்கள், ஒட்டினாற்போல முதியோர் குடியிருப்பு, அவ்வளவுதான். 1929 பிப்ரவரி 14 காலை பத்தரை மணி வாக்கில், இங்கே இருந்த எஸ்.எம்.சி. கார்ட்டேஜ் என்ற கராஜுக்குள் ஏழு பேரைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுக் கொன்றார்கள் என்று சொல்ல ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது. அதை வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், என்னோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மதுவிலக்குக் காலம். கள்ளச்சாராய வியாபாரத்தில் ஊரின் தெற்கே அல் கபோன் கும்பல், வடக்கே பக்ஸ் மோரன் கும்பல். அன்று மோரன் கும்பலின் அந்தக் கராஜுக்குள் நுழைந்தவர்களில் இரண்டு பேர் போலீஸ் உடையில் இருந்ததால் உள்ளே இருந்தவர்கள் இது வழக்கமான சோதனை என்று நினைத்து எதிர்ப்பே காட்டாமல் திரும்பி நின்றிருக்க வேண்டும். குறி வைக்கப்பட்டவர் என்று சொல்லப்படும் மோரன் வரத் தாமதமானதால் தப்பினார், கபோனோ ஃப்ளோரிடாவில் இருந்தார். போலீஸ் வந்தபோது அந்த ஏழு பேரில் ஒருவரான ஃப்ராங்க் குசென்பெர்க் உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு உயிருடன் கிடந்தார், யார் சுட்டது என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை, மூன்று மணி நேரத்தில் போய்விட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகனில் ஃப்ரெட் பர்க் என்பவர் வீட்டில் இரண்டு தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள் சிக்கின. துப்பாக்கித் தடயவியல் நிபுணர் கால்வின் காடர்ட் தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்த்து, சுட்டது இவைதான் என்று சொன்னார். துப்பாக்கியே கிடைத்த பிறகும், பர்க் ஒரு போலீஸ்காரரைக் கொன்ற வழக்கில்தான் ஆயுள் தண்டனை பெற்றார், 1940இல் சிறையிலேயே இறந்தார். இந்த ஏழு கொலைகளுக்காக இதுவரை ஒருவர்கூடக் கூண்டில் ஏறி விசாரிக்கப்படவில்லை.

1967இல் கட்டடத்தை இடித்தார்கள். குண்டு பாய்ந்த சுவரின் செங்கற்களைக் கனடாக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், வான்கூவரில் ஒரு கேளிக்கை விடுதியின் ஆண்கள் கழிப்பறையில் அந்தச் சுவரை எழுப்பினார்கள். இப்போது லாஸ் வேகாஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. மனிதர்கள் விழுந்து செத்த சுவரைக் கழிப்பறையில் வேடிக்கைப் பொருளாக வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ரவுடிகளுக்கு எதற்கு நினைவுப் பலகை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் செத்த ஏழு பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லையே. ஜான் மே கராஜில் லாரி பழுது பார்த்த மெக்கானிக், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். ரெய்ன்ஹார்ட் ஷ்விம்மர் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழிலில் இருந்தவர், கும்பலோடு பழகுவதில் ஆசைப்பட்டு அங்கே போய் உட்கார்ந்தவர். இந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியாது. கபோன் பெயர் மட்டும் உலகத்துக்கே தெரியும், அவர் படம் போட்ட பனியன்கூட விற்கிறது. நகரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை சொல்லும் வேலை டூர் பஸ்காரர்கள் கைக்குப் போகும், அவர்களுக்கு வேண்டியது துப்பாக்கியும் தொப்பியும்தான்.

இன்னொன்று. வங்கிக் கொள்ளைக்காரன் டில்லிங்கர் 1934இல் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த பயோகிராஃப் தியேட்டர் பக்கத்தில்தான் இருக்கிறது, அதை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கி வைத்திருக்கிறீர்கள். மே தினம் பிறக்கக் காரணமான ஹேமார்க்கெட் தொழிலாளர் கூட்டத்தில் 1886இல் குண்டு வீசியது யாரென்று இன்றுவரை தெரியாது, அந்த இடத்திலும் 2004இல் நல்ல சிற்பம் ஒன்றை நிறுத்தினீர்கள். 1923லேயே சிங்காரவேலர் மெரினா கடற்கரையில் மே தினம் கொண்டாடிய ஊரிலிருந்து வருகிறவன் என்பதால் அந்தச் சிற்பத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். தீராத வழக்கு, ஊருக்குச் சங்கடமான வழக்கு, இருந்தும் செய்தீர்கள். அப்புறம் இங்கே என்ன தடை?

நிலம் உங்களுடையது இல்லையென்றால் நடைபாதை ஓரத்தில் வைக்கலாம். பக்கத்தில் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் இப்போதும் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள், வந்து வேலிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், இதுதானா அந்த இடம் என்று போவோர் வருவோரைக் கேட்கிறார்கள். ஒரு பலகை இருந்தால் நின்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரிதாக எதுவும் வேண்டாம். தேதி, கராஜின் பெயர், ஏழு பேரின் பெயரும் அவரவர் செய்த தொழிலும், யாரும் தண்டிக்கப்படவில்லை என்ற ஒரு வரி. கபோன் படம் தயவுசெய்து வேண்டாம், துப்பாக்கிப் படமும் வேண்டாம். 2029 பிப்ரவரியில் நூறு ஆண்டு ஆகிறது. அதற்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரைப் பார்க்க வந்த சென்னைக்காரன்