தறி ஓடும் முன் தியானம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறிய சேலம் அம்மாப்பேட்டைக் குடும்பங்களும், வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் வேலை குறையுமோ என்று அஞ்சும் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களும் படும் மன உளைச்சலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எங்கள் தெருவில் சிலர் விடியற்காலையில், தறி ஓடத் தொடங்கும் முன், மொட்டை மாடியில் பாய் விரித்து அமர்ந்து, மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்கிறார்கள். மனம் கூலிக்கும் கடனுக்கும் ஓடினால், கடிந்துகொள்ளாமல் மறுபடி மூச்சுக்கே திருப்புகிறார்கள். நாள்தோறும் செய்யும் இந்தப் பழக்கம்தான், கெட்ட செய்தி வரும் வேளையில் பதறாமல் நிதானிக்கக் கைகொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஜான் கபாட்-சின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியிலும் மூச்சைக் கவனிப்பது முக்கிய அங்கம். (கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவரை நாடுவதே முறை.)

டிசம்பர் 21-ஐ உலக தியான நாளாக ஐ.நா. பொதுச்சபை 2024-இல் அறிவித்தது. அந்த ஒரு நாள் விழாவைவிட, சேலம் மாநகராட்சி தன் பூங்காக்களில் காலை வேளையில் ஒலிபெருக்கி இல்லாத ஓர் இடத்தை ஒதுக்கித் தந்தால், மொட்டை மாடி வசதியும் இல்லாத தொழிலாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்