டெல்டா வயலுக்கும் ஒரு எஞ்சின் ஆயில் ஆய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவை அறுவடை வந்துவிட்டால் எங்கள் பக்கம் அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் ஓயாமல் ஓடுகின்றன. டீசல் விலையைப் பேசுகிறோம். உராய்வில் வீணாகும் டீசலை யாரும் பேசுவதில்லை. பயணிகள் காரில் எரிபொருள் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே செலவாகிறது என்று 2012இல் பின்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

எஞ்சின் ஆயிலில் பாலிமர் சேர்ப்பது இதற்காகவும்தான். பாலிமெதாக்ரிலேட் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடக்கும், சூடேறினால் விரியும். அதனால் ஆயில் சூட்டில் ரொம்பவும் நீர்த்துப் போகாது. சிக்கல் என்னவென்றால், பேரிங் இடுக்கில் அகப்பட்டு இந்தச் சங்கிலிகள் நாளடைவில் அறுந்துவிடும். கிளை கிளையாகப் பிரியும் பாலிமர்கள் அவ்வளவு எளிதில் அறுவதில்லை. உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் பகுதிகளை அவற்றில் சேர்த்தால் உராய்வும் குறையும்.

சரி, இந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் கார்களை மனதில் வைத்தே நடக்கிறது. சேற்றில், குறைந்த வேகத்தில், முழுப் பாரத்தோடு உழைக்கும் எஞ்சினில் ஆயில் படலம் மெலிந்துபோகும். அதற்கேற்ற பாலிமரைத் திருச்சி என்.ஐ.டி., தஞ்சை சாஸ்த்ரா போன்ற நிறுவனங்கள் உருவாக்கலாமே. வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர்களிலேயே அதைச் சோதித்துப் பார்க்க அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

– வாசகர், மன்னார்குடி